காலையில் பட்டு, மாலையில் நைலான்

சோரா அம்மாவின் தலை முழுக்கச் சுருட்டைக் குச்சிகள். போக்சிமின் முடியலங்காரக் கடை நாற்காலியில் அசையாமல் உட்கார வேண்டிய நேரம். வாய்க்கு மட்டும் அந்தக் கட்டுப்பாடு இல்லை.

"உன் தம்பி பொண்டாட்டியைப் பத்தி உன்கிட்டயே சொல்லக் கூடாதுதான் போக்சிம். ஆனா என் கண்ணால பார்த்தேன். மீன் சந்தையில, காலங்காத்தால, கழுத்துல பூப்போட்ட துணி, கையில வெங்காயத்தாள் கட்டு. விறுவிறுன்னு போறா. ஒரு கைத்தடி கூட இல்ல. இவளுக்கு எதுக்கு அரசாங்கம் சாயங்காலம் ஆள் அனுப்பிச் சோறு ஊட்டணும்? நான் கருவாடு வித்துக் கட்டுற வரிப்பணம் அது."

போக்சிம் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தபடியே சொன்னாள்: "காலையில நல்லாத்தான் இருப்பா. அடுப்பு பத்தவைக்கிற நேரம் வந்தாத்தான் அவளுக்கு உடம்புக்கு வரும்."

"நைலான்!" என்றார் சோரா அம்மா. இருவரும் சிரித்தார்கள்.

உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் படுத்துக்கொள்பவர்களை எங்கள் பக்கம் நைலான் நோயாளி என்போம். தூரத்திலிருந்து பார்த்தால் பட்டு மாதிரி இருக்கும், தொட்டால் தெரிந்துவிடும். போக்சிம் அந்தச் சொல்லைத் தன் தம்பி மனைவி சுல்கிக்கு வைத்து ஓர் ஆண்டாகிவிட்டது. போன சூசொக் அறுவடைப் பண்டிகைக்கு முந்தின மாலை, வீட்டுப் பெண்கள் எல்லாரும் தரையில் உட்கார்ந்து மீனையும் பூசணியையும் மாவில் தோய்த்துப் பொரித்துக்கொண்டிருந்தபோது, சுல்கி கரண்டியை வைத்துவிட்டு உள்ளறைக்குப் போய்ப் படுத்தாள். "நம்ம வீட்டுக்கு நைலான் மருமக வந்திருக்கா" என்று போக்சிம் சொன்னது கதவைத் தாண்டிக் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் சொன்னாள்.

சோரா அம்மா கிளம்பிய பிறகு தம்பி ஜின்மோ கடைக்குள் வந்தான். மொக்போ துறைமுகத்திலிருந்து தலைநகர் சியோலின் மொத்தச் சந்தைக்கு மீன் லாரி ஓட்டுகிறவன். பிற்பகலில் கிளம்பினால் விடியலில்தான் திரும்புவான். அவனுக்கு முன்னால் அவன் மேலிருக்கும் மீன் வாடை வரும்.

"அக்கா, சுல்கிக்குச் சாயங்காலம் துணைக்கு வர்ற அம்மாவை நிறுத்திட்டாங்க."

"யாரு நிறுத்தினா?"

"போன மாசம் வீட்டுக்கு வந்து பார்த்துட்டுப் போனாங்கல்ல, அந்த அலுவலகத்துலதான். போன் போட்டுக் கேட்டேன். 'எல்லா வேலையும் அவங்களே செஞ்சுக்குறாங்கன்னு வீட்டுல சொன்னாங்க'ன்னு பதில் சொல்றாங்க. இவதான் சொல்லியிருப்பா. ரோஷக்காரி. ஒருத்தர்கிட்ட ஒத்தாசை கேக்கறதுன்னா உயிரே போயிடும் அவளுக்கு. நேத்து நல்லா திட்டி விட்டேன்."

போக்சிம் தரையில் கிடந்த முடியைப் பெருக்க ஆரம்பித்தாள். "அவ என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. தலையைக் குனிஞ்சுக்கிட்டா."

துடைப்பம் ஒரே இடத்தில் போய்வந்தது.

"நீ கடையைச் சாத்திட்டுக் கொஞ்ச நேரம் அங்க போய் இருக்க முடியுமா அக்கா? வேற வழி பண்ற வரைக்கும். லாரியில உக்காந்தா எனக்குப் பாதையே தெரியல."

"போறேன்" என்றாள் போக்சிம். அதற்கு மேல் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. அவள் சொல்லவில்லை.

அலுவலகப் பெண்ணிடம் அப்படிச் சொன்னது சுல்கி அல்ல. போக்சிம்தான்.

அன்று அந்தப் பெண் வரப்போவது தெரிந்து, கடையைத் தாமதமாகத் திறந்துகொள்ளலாம் என்று போக்சிம் காலையிலேயே தம்பி வீட்டுக்குப் போயிருந்தாள். தம்பி இரவு ஓட்டிய களைப்பில் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான். வெளி ஆள் வரும் வீடு. சுல்கியைப் பழைய சட்டையில் பார்க்கச் சகிக்கவில்லை. "பிச்சைக்காரி மாதிரி உக்காராதே, நம்ம வீட்டு மானம் போகும்" என்று உடை மாற்றச் சொல்லி, தன் கையாலேயே உதட்டுச் சாயம் பூசிவிட்டாள். கூடவே நாஜூ ஊர்ப் பேரிக்காய் நான்கு வாங்கி வந்திருந்தாள். வந்தவருக்குப் பழம் நறுக்கி வைக்காமல் பேச்சைத் தொடங்கும் வீடு எங்கள் ஊரில் கிடையாது.

சுல்கி எழுந்து போய்ப் பேரிக்காயை எடுத்து, தோல் அறுபடாமல் நீளமாகச் சீவி, தட்டில் அடுக்கிக் கொண்டுவந்து வைத்தாள். காலை நேரம், மாத்திரை வேலை செய்யும் நேரம். அலுவலகப் பெண் நன்றி சொல்லி ஒரு துண்டு எடுத்துக்கொண்டு, கையிலிருந்த பலகைக் கணினியின் திரையில் எதையோ தட்டினார்.

"தலைக்குத் தானா குளிப்பீங்களா?"

சுல்கி வாயைத் திறப்பதற்குள் போக்சிம் பதில் சொன்னாள். "ஏன் குளிக்காம? எல்லாம் அவளே செஞ்சுக்குவா."

"சமையல்?"

"எங்க வீட்டு மருமக. சமைக்கத் தெரியாமலா இருப்பா?"

"சாப்பிடும்போது யாராவது பக்கத்துல இருக்கணுமா?"

"என்ன, குழந்தையா?" என்று சிரித்தாள் போக்சிம்.

சுல்கி ஒருமுறை அவளைப் பார்த்தாள். விருந்தாளி முன்னால் கணவனின் மூத்த அக்காவை மறுத்துப் பேசும் வழக்கம் இல்லை. வாயை மூடிக்கொண்டாள்.

மானத்துக்காகச் சொன்னேன் என்று போக்சிம் பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பாதி உண்மை. மறுபாதி, அவள் சுல்கியை நம்பவே இல்லை.

முதல் மாலை அவள் போய்ச் சேர்ந்தபோது கதவு உடனே திறக்கவில்லை. உள்ளே எதுவோ உரசும் சத்தம். பிறகு கதவு திறந்தது. சுல்கி சுவரில் தோளைச் சாய்த்து நின்றாள். இடது கண்ணிமை பாதி மூடியிருந்தது. தாடைக்கு அடியில் ஒரு கையை முட்டுக் கொடுத்திருந்தாள், தலையையே கையால் தாங்குகிற மாதிரி.

"வாங்க அண்ணி" என்றாள். மூக்கால் பேசுவது போல, சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. குடித்தவர்கள் பேச்சு மாதிரி. சில மாலைகளில் தொலைபேசியில் இந்தக் குரலைக் கேட்டுவிட்டு, இவள் குடிக்கிறாளோ என்றுகூடப் போக்சிம் நினைத்ததுண்டு.

"சாப்பிட்டியா?"

சுல்கி தலையசைத்தாள், இல்லை என்று.

அடுப்பில் கஞ்சி ஆறிக் கிடந்தது. போக்சிம் சூடு பண்ணிக் கிண்ணத்தில் ஊற்றி எதிரே வைத்தாள். சுல்கி ஒரு கரண்டி வாயில் வைத்துக்கொண்டு, கையால் தாடையைத் தூக்கித் தூக்கி மென்றாள். கஞ்சிக்கு மெல்ல என்ன இருக்கிறது? மூன்றாவது கரண்டியில் புரையேறியது. அது இருமலாகக்கூட வரவில்லை, காற்று மட்டும் வந்தது. போக்சிம் முதுகைத் தட்டினாள், முன்னால் குனியவைத்தாள், அவள் கண்களில் நீர் வழிவதைப் பார்த்துப் பயந்துபோனாள். சற்று நேரம் கழித்துத்தான் சுல்கிக்கு மூச்சு சீரானது.

"தினமும் இப்படியா?"

சுல்கி துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு மெதுவாகப் பேசினாள். ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் இளைப்பாறினாள். "டாக்டர் சொன்னதுதான் அண்ணி... பொழுது சாயச் சாய... தசையெல்லாம் தளர்ந்துடும். அந்த அம்மா இருந்தா... பயம் இல்லாம சாப்பிடுவேன். இப்ப... சாயங்காலம் சாப்பிடறது இல்ல. தனியா இருக்கும்போது அடைச்சுக்கிட்டா... என்ன பண்றது?"

துணை நின்றதிலிருந்து இவள் மாலையில் பட்டினி. போக்சிம் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அப்போது தொலைபேசி அடித்தது. ஜின்மோ வழியில் லாரியை நிறுத்தியிருக்கிறான். சுல்கி பேசவில்லை. தொலைபேசியைக் காதில் வைத்து, நகத்தால் அதன் முதுகில் ஒருமுறை தட்டினாள். கேட்டாள். மறுபடி தட்டினாள். பிறகு இரண்டு தட்டு. அவள் முகத்தில் அந்தத் தளர்ந்த இமைக்குக் கீழே ஒரு வெட்கம் வந்து போனது.

"என்ன கேட்டான்?"

"ஒரு தட்டுன்னா ஆமா. ரெண்டுன்னா இல்ல. நான் பேசினா... சோர்ந்துடுவேன்னு அவரே கண்டுபிடிச்சது." சற்று நிறுத்தி, "கடைசியா, இன்னைக்கு என் மேல கோவமான்னு கேட்டார்."

போக்சிம் இதையும் பார்த்திருக்கிறாள். பண்டிகை நாளில் கணவனின் அழைப்புக்கு வாயைத் திறக்காமல் டக் டக்கென்று தட்டிக்கொண்டிருந்தவளைப் பார்த்து, கட்டினவனோடு நாலு வார்த்தை பேசக்கூடத் திமிர் என்று நினைத்தாள்.

அன்று சுல்கி படுக்கப் போகுமுன் போக்சிம் அவள் தலையை வாரிவிட்டாள். குட்டையாக வெட்டிய முடி. போன வசந்தத்தில் இடுப்பு வரை இருந்ததைக் கடைக்கு வந்து வெட்டச் சொன்னாள் சுல்கி. "இந்த முடிக்கு ஊரே ஏங்குது, உனக்கு நாகரிகமா?" என்று முனகிக்கொண்டேதான் போக்சிம் வெட்டினாள். இப்போது சீப்பை வாங்கிச் சுல்கி தன் கையைத் தூக்கப் பார்த்தாள். காது வரை வந்த கை மெல்லச் சரிந்து மடியில் விழுந்தது.

"இதுக்காகத்தான் வெட்டினியா?"

சுல்கி மேசையில் ஒருமுறை தட்டினாள்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நம்பியிருப்பீங்களா?" என்றாள் சுல்கி. குரலில் குற்றச்சாட்டு இல்லை. போக்சிம் அவள் மடியிலிருந்த சீப்பை எடுத்துக்கொண்டாள். கொஞ்சம் கழித்துச் சுல்கியே சிரித்தாள். ஒரு பக்கம் மட்டும் ஏறிய சிரிப்பு. "காலையில நான் பட்டு அண்ணி. சாயங்காலம்தான் நைலான்."

போக்சிம் வீட்டுக்கு நடந்து போகும் வழியெல்லாம் அந்தச் சொல் கூடவே வந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் அது கேட்டிருக்கிறது. இத்தனை நாளும் இவள் அதை வைத்திருந்திருக்கிறாள்.

சில நாள் கழித்து அவள் சீக்கிரமே கடையைச் சாத்திவிட்டுப் போனாள். ஜின்மோ லாரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். செருப்பை மாட்டியபடியே மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தான். கோபமாக அல்ல, அலுத்துப்போய். "உண்மையைச் சொல்லியிருந்தா இன்னைக்கு அக்கா இப்படி அலைய வேண்டியதில்லை. யாருக்காக அந்த வீறாப்பு, சுல்கி?"

சுல்கி தரையைப் பார்த்தாள். நாத்தனாரைப் பார்க்கவே இல்லை. அதுதான் போக்சிமை உடைத்தது.

"அவ சொல்லல ஜின்மோ. நான் சொன்னேன்."

"என்ன?"

"அந்தப் பொண்ணு கேட்டதுக்கெல்லாம் நான்தான் பதில் சொன்னேன். இவளை வாயைத் திறக்க விடல. பேரிக்காய் வாங்கிட்டு வந்து இவளைச் சீவ வெச்சதும் நான்தான். நடிக்கிறான்னு நெனச்சேன்."

ஜின்மோ ஒற்றைச் செருப்போடு நின்றான். "இத்தனை நாளா நான் இவளைத் திட்டிட்டிருக்கேன், அக்கா. நீ கேட்டுக்கிட்டு நின்னியே."

"ஆமா."

அவன் மனைவி பக்கம் திரும்பினான். "நீயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"உங்க அக்கா" என்றாள் சுல்கி. அந்த இரண்டு சொல் போதும் என்பது போல.

அவன் மனைவியின் நெற்றியில் உள்ளங்கையை வைத்து, சற்று நேரம் எடுக்காமல் நின்றுவிட்டுப் போனான். அக்காவிடம் போய்வருகிறேன் என்று சொல்லவில்லை.

மறுநாள் போக்சிமே அலுவலகத்துக்குப் போனாள். மறுபடி வந்து பார்க்கும்படி கேட்க வழி இருந்தது. "தயவுசெஞ்சு சாயங்காலம் வாங்க" என்று கெஞ்சினாள். அதே பெண்தான். "பார்க்கறதையும் கேக்கறதையும்தாம்மா நான் எழுத முடியும். பொழுது சாயறப்ப வரேன்" என்றார்.

அந்த நாளும் வந்தது. இந்த முறையும் துணை கிடைக்காவிட்டால் தனியாக விடப் பயந்து, சுல்கியைப் பராமரிப்பு விடுதியில் சேர்ப்பது என்று ஜின்மோ முடிவு செய்திருந்தான். சுல்கி அதற்கு ஒப்புக்கொண்டு, துணிகளைக்கூடப் பிரித்து வைத்திருந்தாள். இதெல்லாம் போக்சிமுக்கு முந்தின நாள்தான் தெரியும். கட்டிலின் ஓரத்தில் மடித்து வைத்திருந்த அந்தத் துணிகளை அவளால் பார்க்க முடியவில்லை.

"இன்னைக்கு ஒரு வேளை மாத்திரையை விட்டுடேன்" என்றாள் மெல்ல. "நீ எப்படி இருப்பேன்னு அவங்களுக்கு நல்லாத் தெரியட்டும்."

சுல்கியின் கண்கள் சட்டென்று கூர்மையாயின. "அப்ப நான் நெஜமாவே நைலான் ஆயிடுவேன் அண்ணி." மாத்திரையை எடுத்துப் போட்டுத் தண்ணீர் குடித்தாள்.

அலுவலகப் பெண் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். முந்தின வீட்டில் யாரும் இல்லையாம். வெயில் இன்னும் இருந்தது. மாத்திரை வேலை செய்துகொண்டிருந்தது. சுல்கி நேராக உட்கார்ந்திருந்தாள். இரண்டு கண்ணும் திறந்திருந்தன. குரல் தெளிவாக இருந்தது. தெருவில் போகிற யாரும் பார்த்தால் இவளுக்கு என்ன குறை என்பார்கள். சோரா அம்மா சொன்னது போலவே.

மேசை மேல் பேரிக்காய் முழுதாக இருந்தது, பக்கத்தில் கத்தி. சுல்கி பழக்கத்தில் எழப் பார்த்தாள். போக்சிம் தன் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டாள். தானே சீவி வைக்கலாம். ஆனால் எழுந்தால் வாயும் கூடவே எழுந்துவிடும் என்று பயந்தாள்.

"இருக்கட்டும், உக்காருங்க" என்றார் வந்தவர். திரையைத் திறந்தார். "போன தடவை உங்க நாத்தனார் சொன்னதை வெச்சு எழுதினேன். இப்ப நீங்களே சொல்லுங்க."

சுல்கி சொல்லத் தொடங்கினாள். காலையில் என்ன முடியும், எப்போது தளரும், எப்படித் தளரும். ஒவ்வொன்றாக, நிதானமாக, எதையும் கூட்டாமல். "சந்தைக்குப் போவேன். காலையில. காய் வாங்குவேன். அது உண்மைதான்" என்றாள். ஐயோ, அதை ஏன் சொல்கிறாய் என்று போக்சிம் பதறினாள். அந்தப் பெண்ணின் விரல் திரையில் ஓடிக்கொண்டே இருந்தது. இப்படியே முடிந்துவிட்டால்? இவளை இப்படியே பார்த்துவிட்டு எழுந்துபோய்விட்டால்?

தளர்ந்துவிடு என்று போக்சிம் மனதுக்குள் வேண்டினாள். கடவுளே, இவள் இப்போதே தளர்ந்துவிடட்டும். இமை விழட்டும். குரல் போகட்டும். வேண்டிக்கொண்டிருக்கும்போதே என்ன வேண்டுகிறோம் என்று அவளுக்கே தெரிந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

பேசப் பேசத்தான் அது வந்தது. முதலில் ஒரு சொல்லின் கடைசி எழுத்து மூக்குக்குள் போனது. பிறகு சொற்களுக்கு நடுவில் இடைவெளி விழுந்தது. பிறகு சொற்களே ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்தன. சுல்கியின் கை தானாகத் தாடைக்கு வந்தது. இடது இமை இறங்கியது. அந்தப் பெண் திரையைத் தட்டுவதை நிறுத்திவிட்டு, முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாப்பிடும்போது யாராவது பக்கத்துல இருக்கணுமா?"

சுல்கி வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. கண்ணை மூடி, மேசையில் நகத்தால் ஒருமுறை தட்டினாள்.

அந்தப் பெண் புரியாமல் போக்சிமைப் பார்த்தார். போக்சிம் தொடைக்கடியில் கைகளை இன்னும் இறுக்கினாள். "அது ஆமான்னு அர்த்தம். ரெண்டு தட்டினா இல்ல. மத்தது எல்லாம் அவகிட்டயே கேளுங்க. போன தடவை நான் சொன்னது எதுவும் உண்மை இல்ல. எனக்கு ஒண்ணும் தெரியாது, தெரிஞ்ச மாதிரி சொன்னேன்."

அதற்குப் பிறகு அந்த அறையில் கேள்வியும் தட்டும் மட்டும்தான். கடைசியில் அந்தப் பெண் எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "எல்லாரும் என்னைக் காலையிலதான் வரச் சொல்வாங்க. வீடு சுத்தமா இருக்கும்னு" என்றார். பேரிக்காய் தொடப்படாமல் மேசையில் இருந்தது. ஒரு விருந்தாளியைப் பழம் தராமல் அனுப்பியது போக்சிமுக்கு அதுவே முதல் முறை.

அடுத்த முறை முடி சுருட்ட வந்தபோது சோரா அம்மா விட்ட இடத்திலேயே பிடித்துக்கொண்டார். "அந்த நைலானுக்கு மறுபடி ஆள் கேட்டிருக்கீங்களாமே?"

போக்சிம் கையிலிருந்த குச்சியைக் கீழே வைத்தாள். "சாயங்காலம் என்கூட ஒரு தடவை வாங்க சோரா அம்மா. அவ கஞ்சி குடிக்கிறதைப் பாருங்க. பார்த்துட்டு அப்புறம் அந்தப் பேரைச் சொல்லுங்க."

"அடேயப்பா. போன மாசம் என்கூடச் சேர்ந்து சிரிச்சது யாரு?"

"நான்தான்" என்றாள் போக்சிம். "நைலான் நான்தான். நல்ல அக்கா மாதிரி பளபளன்னு இருந்தேன்."

சோரா அம்மா தலை காயும்வரை உட்கார்ந்திருந்து, காசை வைத்துவிட்டுப் போனார். மாலையில் வரவில்லை. இப்போதெல்லாம் வேறு கடைக்குப் போகிறார்.

துணை திரும்பக் கிடைத்தது. கட்டிலோரத்துத் துணிகள் அலமாரிக்குப் போயின. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாலைக்கு மட்டும் ஆள் இல்லை. அதைப் போக்சிம் எடுத்துக்கொண்டாள், யாரும் கேட்கவில்லை. ஜின்மோ அக்காவிடம் இன்னும் பழையபடி பேசுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை லாரிக்குக் கிளம்பும்போது, நனைந்த தாளில் சுற்றிய ஒரு மீனைக் கதவோரம் வைத்துவிட்டுப் போவான். யாருக்கு என்று சொல்லமாட்டான்.

முதல் ஞாயிறு, கடையிலிருந்து தலை கழுவும் தொட்டியைக் கொண்டுவந்திருந்தாள் போக்சிம். சுல்கியைச் சாய்த்து உட்காரவைத்து, கழுத்துக்குக் கீழே துண்டு மடித்து வைத்து, வெதுவெதுப்பான நீரை ஊற்றினாள். குட்டை முடி விரல்களுக்குள் வழுக்கிக்கொண்டு போனது. எத்தனையோ தலைகளைக் கழுவிய கைகள். இந்தத் தலையை இதுவரை கழுவியதில்லை.

"சுல்கி."

"ம்."

"அன்னைக்கு, அந்தப் பொண்ணு இங்க உக்காந்திருந்தப்ப, நீ நல்லா பேசிக்கிட்டிருந்தியே. நீ தளர்ந்துடணும்னு நான் வேண்டிக்கிட்டேன். உன் குரல் போகணும்னு. போனப்ப எனக்கு சந்தோஷமா இருந்தது." அவள் இன்னொரு குவளை நீர் ஊற்றினாள். "முன்னாடி நீ நல்லா இருக்கேன்னு பொய் சொல்லிப் பாவம் பண்ணினேன். அன்னைக்கு நீ நல்லா இல்லாம போகணும்னு வேண்டிப் பாவம் பண்ணினேன்."

சுல்கி கண்ணைத் திறக்கவில்லை. இமைகள் அவ்வளவு கனத்திருந்தன.

"நீ என்ன நெனச்சுக்கிட்டிருந்தே அப்ப? நீயும் அதையேவா வேண்டிக்கிட்டே?"

சுல்கியின் கை மடியிலிருந்து மெல்ல நகர்ந்து வந்தது. பிறகு, தொட்டியின் விளிம்பில், நகத்தால் ஒரு தட்டு.

போக்சிம் இரண்டாவது தட்டுக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை. கைகள் நுரையில் நின்றுபோயிருந்தன. நீர் ஆறிக்கொண்டிருந்தது. அவள் மறுபடி வெதுவெதுப்பாக ஊற்றி, காதுக்குப் பின்னால் இருந்த நுரையை மெல்ல வழித்துவிட்டாள்.